அக்டோபர் 2 தாள்ல காமராஜருக்கும் இடம் வேணும்

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

நான் சிவகாசில காலண்டர் அடிக்கிற ஒரு ப்ரஸ்ல 22 வருஷமா ப்ரூப் பாக்குறேன். டெய்லி காலண்டர்ல தினமும் காலைல எந்திரிச்சு ஒரு தாள் கிழிக்கிறீங்கல்ல, அந்தத் தாள்ல ராகு காலம், எமகண்டம், நட்சத்திரம், திதி, சந்திராஷ்டமம், லீவு நாளுக்கு சிவப்பு மசி எல்லாம் சரியா ஏறியிருக்கானு 365 தாளையும் ஒண்ணொண்ணா பாத்து டிக் போட்டு பிளேட்டுக்கு அனுப்புறதுதான் என் வேலை. ஒரு தேதி தப்பா போனா லட்சக்கணக்கான வீட்டு சுவத்துல அந்தத் தப்பு ஒரு வருஷம் தொங்கும், அதனால எந்தத் தேதிய பாத்தாலும் ரெண்டு தடவ பாக்குற பழக்கம் வந்துருச்சு, உங்க பேப்பர கைல எடுத்தாலும் மொதல்ல பாக்குறது மூணாம் பக்கத்துல வர்ற 'வரலாற்றில் இன்று' பெட்டியத்தான்.

இந்த 2025 அக்டோபர் 2 அன்னைக்கு வந்த பெட்டிய பத்தித்தான் எழுதுறேன். அன்னைக்கு வியாழக்கிழமை, காந்தி ஜெயந்தியும் விஜயதசமியும் ஒண்ணா வந்துச்சு. பெட்டில மொதல் வரி 1187-ல சலாதீன் ஜெருசலேம புடிச்சது, அடுத்து 1869-ல காந்தி பிறந்தது, 1904-ல லால் பகதூர் சாஸ்திரி பிறந்தது, 1958-ல ஆப்பிரிக்கால கினியா நாடு சுதந்திரம் வாங்குனது, கடேசி வரில "1975 – காமராஜர் மறைந்தார்". அவ்வளவுதான் ஐயா. மூணே சொல்லு. அவர் போயி சரியா 50 வருஷம் முடியுற நாள் அது. 1975 அக்டோபர் 2-ம் வியாழக்கிழமைதான், 50 வருஷம் கழிச்சு அதே தேதி அதே கிழமைல வந்து நிக்குது, தமிழ்ல வர்ற ஒரு பேப்பர்ல, அவர் பிறந்த மாவட்டத்துக்கு வர்ற பதிப்புலயே, கினியாவுக்குக் கீழ ஒரு வரி. எனக்கு அன்னைக்கு டீ இறங்கல.

சலாதீனையும் கினியாவையும் போட்டது தப்புனு சொல்ல வரல, அதுவும் படிக்கிறவங்க தெரிஞ்சுக்க வேண்டியதுதான். நான் சொல்றது என்னன்னா அந்த அஞ்சு வரில மூணு வரி ஒண்ணோட ஒண்ணு பின்னிக் கெடக்கு, மீதி ரெண்டுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல, ஆனா பெட்டில பாத்தா அஞ்சும் ஒரே மாதிரி தெரியுது. காந்தி, சாஸ்திரி, காமராஜர் மூணு பேரும் ஒரு தேதில சேர்ந்தது தற்செயல்தான், ஆனா அந்த மூணு பேரோட வாழ்க்கை ஒருத்தர ஒருத்தர் தொட்டுக்கிட்டுப் போனது தற்செயல் இல்ல. அத ஒரு நாலு வரி சேத்து எழுதிட்டா படிக்கிற பத்தாம் வகுப்புப் பையனுக்கு அந்த நாள் எப்பவும் மறக்காது.

இன்னொரு விஷயம், அக்டோபர் 2-ங்கறது காமராஜர் வாழ்க்கைல ரெண்டு தடவ வருது, அதுல ஒண்ணு உங்க பெட்டில மட்டும் இல்ல, நான் பாத்த எந்தப் பெட்டிலயும் வந்ததில்ல. 1954 ஏப்ரல் 13-ல முதலமைச்சரா உக்காந்தவர் அந்த நாற்காலிய விட்டு எந்திரிச்சது 1963 அக்டோபர் 2, புதன்கிழமை. ஒன்பதரை வருஷம். யாரும் எந்திரினு சொல்லல, ஓட்டுல தோக்கல, சட்டசபைல மெஜாரிட்டி இருந்துச்சு. 1962 தேர்தல்ல திமுக 50 இடம் புடிச்சிருந்துச்சு, வடக்கயும் இடைத்தேர்தல்ல காங்கிரஸ் அடி வாங்கிக்கிட்டு இருந்துச்சு, சீனா சண்டைக்கப்புறம் நேரு மேலயே ஜனங்களுக்கு வருத்தம், அப்பதான் பெரிய பதவில இருக்குறவங்க பதவிய விட்டுட்டு கட்சி வேலைக்கு வரணும்னு இவர் யோசனை சொல்றாரு. கே பிளான், காமராஜர் திட்டம்னு சொல்லுவாங்க. யோசனை சொன்ன கையோட மொதல்ல நான் வர்றேன்னு நின்னாரு. ஆறு முதலமைச்சருங்க, ஆறு மத்திய மந்திரிங்க ராஜினாமா. இவர் எந்திரிச்ச அன்னைக்கே பக்தவத்சலம் முதலமைச்சரா பொறுப்பு ஏத்துக்கிட்டாரு. காந்தி பிறந்த நாள் அன்னைக்கு ஒரு மனுஷன் தானா நாற்காலிய விட்டு எறங்குனாரு, சரியா 12 வருஷம் கழிச்சு அதே காந்தி பிறந்த நாள் அன்னைக்கு உலகத்த விட்டே போனாரு. இத எழுத உங்க பெட்டில ரெண்டு வரி போதும்.

அந்த ஆறு மத்திய மந்திரிங்கள்ல ஒருத்தர் யாருனு நெனைக்கிறீங்க, லால் பகதூர் சாஸ்திரி. அக்டோபர் 2-ல பிறந்தவர். உள்துறை மந்திரியா இருந்தாரு, காமராஜர் போட்ட திட்டத்துக்காக பதவிய விட்டாரு. அடுத்த வருஷம் 1964 மே 27-ல நேரு போயிட்டாரு. அப்ப காங்கிரஸ் தலைவர் காமராஜர். மொரார்ஜி தேசாய் நான் வர்றேன்னு நிக்குறாரு, இவர் ஒவ்வொரு எம்.பி.யா, ஒவ்வொரு முதலமைச்சரா கூப்டு கேட்டு, சண்டை சச்சரவு இல்லாம எல்லாரும் ஒத்துக்கிட்ட ஆளுனு சாஸ்திரிய கொண்டு வந்து நிறுத்துறாரு, ஜூன் 9-ல சாஸ்திரி பிரதமர். இங்கிலீஷும் சரியா பேசாத, இந்தியும் பேசாத, ஆறாங்கிளாசோட பள்ளிக்கூடத்த விட்ட எங்க விருதுநகர்காரர் டெல்லில உக்காந்து பிரதமர முடிவு பண்ணாரு. 1966 ஜனவரி 11-ல தாஷ்கண்ட்ல சாஸ்திரி இறந்தப்பவும் திரும்ப அதே வேலைய அவர்தான் செய்ய வேண்டி வந்துச்சு.

சாஸ்திரி நம்ம ஊருக்கு அன்னியர் கெடையாது, இத கொஞ்சம் விவரமா சொல்லணும். 1956 நவம்பர் 23 விடிகாலைல, சென்னை எழும்பூர்ல இருந்து கிளம்பின தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் அரியலூர் தாண்டி மருதையாத்துப் பாலத்துல வரும்போது வெள்ளத்துல பாலம் போயி ரயிலு ஆத்துக்குள்ள எறங்கிருச்சு. 140 பேருக்கும் மேல செத்துப் போனாங்க. விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி வழியா தூத்துக்குடி போற வண்டிங்க அது, எங்க பக்கத்து ஜனங்க போற வண்டி. என் சின்ன வயசுல எங்க தெருவுல ஒரு பாட்டி மழைக்காலம் வந்தா யாரையும் ராத்திரி ரயிலு ஏற விடாது, ஏன் பாட்டினு கேட்டா "அரியலூரு"னு ஒரே வார்த்த, அதுக்கு மேல பேசாது. அந்த விபத்துக்கு ரயில்வே மந்திரி சாஸ்திரி பொறுப்பு ஏத்துக்கிட்டு ராஜினாமா பண்ணாரு. அதே வருஷம் அதுக்கு முன்ன மகபூப்நகர் ரயில் விபத்து நடந்தப்பவே குடுத்தாரு, நேரு வாங்கல, அரியலூருக்கு அப்புறம் குடுத்தப்ப வாங்கிக்கிட்டாரு. பாலத்த சாஸ்திரியா கட்டுனாரு, தண்ணிய அவரா தொறந்து விட்டாரு? இல்ல. ஆனா என் துறைல நடந்துச்சு, நான் போறேன்னு போனாரு. ஏழு வருஷம் கழிச்சு அதே மனுஷன் இன்னொரு தடவ பதவிய விடுறாரு, இந்தத் தடவ கூட சேந்து விடுறது தமிழ்நாட்டு முதலமைச்சர். காந்தி பிறந்த நாள்ல பிறந்த ஒருத்தரும் காந்தி பிறந்த நாள்ல போன ஒருத்தரும், பதவிய விடுறதுல ஒரே மாதிரி. இதெல்லாம் பெட்டில வராட்டி வேற எங்க வரப் போகுது.

இப்ப 1975-க்கு வர்றேன். எங்க அப்பா அப்ப இங்க ஒரு லித்தோ ப்ரஸ்ல தாள் ஊட்டுற வேலை, வயசு 25. அக்டோபர் மாசம் சிவகாசில மூச்சு விட நேரம் இருக்காது, ஆடி 18-க்கு புது வருஷ ஆல்பம் போட்டு ஆர்டர் புடிச்சிருப்பாங்க, அதுக்கப்புறம் மார்கழி வரைக்கும் மிஷின் நிக்காது, காந்தி ஜெயந்தியானாலும் அந்தக் காலத்துல ஓடத்தான் செய்யும். சாயந்தரம் டீக்கடைல இருந்து ஒரு பையன் ஓடி வந்து ரேடியோல சொல்லிட்டாங்கண்ணேனு சொன்னானாம். அப்பா சொல்லும்போது இந்த எடத்துல எப்பவும் கொஞ்சம் நிறுத்துவாரு. மிஷின்மேன் கேட்டுட்டு ஒண்ணும் பேசாம கைய நீட்டி பெல்ட்ட தள்ளி விட்டாராம், மிஷின் தானா சுத்தி சுத்தி நின்னுச்சாம், பாதி மசி ஏறுன தாள் அப்படியே உருளைல கெடந்துச்சாம். முதலாளி உள்ள இருந்து ஏன் நிறுத்துனீங்கனு கேட்டுக்கிட்டே வந்தவரு, விஷயம் கேட்டதும் தோள்ல கெடந்த துண்ட எடுத்து மொகத்துல பொத்திக்கிட்டு அங்க கெடந்த தாள் கட்டு மேல உக்காந்துட்டாராம். அன்னைக்கு எங்க ஊர்ல அடுத்தடுத்து ஒவ்வொரு ப்ரஸ்ஸா சத்தம் நின்னுக்கிட்டே வந்துச்சு, சிவகாசில அவ்வளவு அமைதிய நான் அதுக்கு முன்னயும் கேட்டதில்ல பின்னயும் கேட்டதில்லனு அப்பா சொல்லுவாரு.

ஏன் அப்படி நின்னாங்கனு அப்பாகிட்ட கேட்டிருக்கேன். அவரு சொன்ன பதில் அரசியல் இல்ல. "நான் பள்ளிக்கூடத்துல தட்டு ஏந்தி சோறு வாங்கித் தின்னவன்டா"னு சொன்னாரு. 1956-ல எட்டயபுரத்துல ஆரம்பிச்சு வச்ச மதிய உணவு. ஆரம்பத்துல ஊர்க்காரங்க குடுக்குற அரிசி பருப்புல, வாத்தியாருங்க வீடு வீடா போயி வாங்கிட்டு வர்றதுல ஓடுன திட்டம் அது. எங்க தாத்தா தீப்பெட்டி ஆபீஸ்ல குச்சி அடுக்குன ஆளு, அப்பாவையும் அங்க இழுத்துட்டுப் போகத்தான் இருந்தாரு, மத்தியானம் ஒரு வேளை சோறு பள்ளிக்கூடத்துல கெடைக்குதுன்ன ஒரே காரணத்துக்கு எட்டாங்கிளாஸ் வரைக்கும் விட்டாரு. அந்த எட்டாங்கிளாஸ்தான் அப்பாவுக்கு ப்ரஸ்ல எழுத்து படிக்கத் தெரிஞ்ச ஆளுனு பேர் வாங்கிக் குடுத்துச்சு, அதுல இருந்துதான் நான் ப்ரூப் பாக்குற மேசைல உக்காந்திருக்கேன். அப்பா அந்த அலுமினியத் தட்ட ரொம்ப நாள் வச்சிருந்தாரு, அடில ஆணியால தன் பேரோட மொதல் எழுத்த கீறி வச்சிருந்தாரு, மத்த பசங்களோட தட்டோட மாறிடக் கூடாதுன்னு.

இனி சொல்றதுதான் இந்தக் கடிதாசிய எழுத வச்சது. எங்க அம்மா பால்வாடி டீச்சர். கவர்மெண்ட்டு காகிதத்துல அங்கன்வாடிப் பணியாளர்னு இருக்கும், ஊர்ல எல்லாருக்கும் பால்வாடி டீச்சர்தான். சின்ன வயசுல நான் அந்த ஒத்த ரூம்லயேதான் வளந்தேன், மூலைல சத்துமாவு மூட்டை, நடுவுல உத்திரத்துல இருந்து தொங்குற தராசு, அதுல கொழந்தைய தொட்டில்ல போடுற மாதிரி போட்டு எடை பாக்கும்போது அது வீல்னு கத்தும், முள்ளு ஆடி நிக்குற வரைக்கும் அம்மா அந்தக் கொழந்தைட்ட பேசிக்கிட்டே இருப்பாங்க, நின்னதும் அட்டைல புள்ளி வைப்பாங்க, புள்ளி கோட்டுக்குக் கீழ போச்சுன்னா அன்னைக்கு அந்த வீட்டுக்கு நடந்து போயி தாய்க்காரிட்ட பேசிட்டுத்தான் வருவாங்க. அம்மாவோட ட்ரெய்னிங் நோட்டு ஒண்ணு இன்னும் வீட்ல இருக்கு. மொதல் பக்கத்துல ஊதா மசில அம்மா கையெழுத்து, "ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம், தொடங்கிய நாள் 2.10.1975".

பல வருஷம் அந்தப் பக்கத்த பாத்திருக்கேன், ஒண்ணும் தோணல. ப்ரஸ்ல சேந்து ரெண்டாவது வருஷம் அக்டோபர் 2 தாள் ப்ரூப் கைல இருக்கும்போது பொட்டுனு ஒறச்சுச்சு. அதே நாள். நாடு முழுக்க 33 வட்டாரத்துல, ஆறு வயசுக்குக் கீழ இருக்குற கொழந்தைக்கும் மாசமா இருக்குற பொம்பளைக்கும் பால் குடுக்குற தாய்க்கும் சத்துணவு, தடுப்பூசி, எடை பாக்குறது எல்லாம் சேத்து மத்திய சர்க்கார் ஆரம்பிச்ச அந்தத் திட்டம் ஆரம்பிச்ச நாளும், பசியோட வர்ற கொழந்தைக்கு மொதல்ல சோறு போடு அப்புறம் பாடம் எடுனு சொன்ன மனுஷன் சென்னைல திருமலைப் பிள்ளை ரோட்டு வீட்ல கண்ண மூடுன நாளும் ஒண்ணு. திட்டத்த காந்தி பிறந்த நாள்னு பாத்து ஆரம்பிச்சிருப்பாங்க. சாவு அப்படி நாள் பாத்து வரல. ஆனாலும் பள்ளிக்கூடத்துப் புள்ளைக்கு சோறு போட்டவரு போன அன்னைக்கு, பள்ளிக்கூடம் போற வயசு வராத புள்ளைக்கு சோறு போடுற ஏற்பாடு தொடங்குதுங்கறது எனக்கு சாதாரண ஒத்துமையா தெரியல. அப்பா அந்த சோத்துல வளந்தவரு, அம்மா இந்த சோத்த போட்டவங்க. எங்க வீட்டுக்கு அக்டோபர் 2 அப்படித்தான் ஐயா.

காமராஜர் போன நேரம் நாட்டுல எமர்ஜென்சி நடந்துக்கிட்டு இருந்துச்சு, ஜூன் 25-ல போட்டது. காந்தி வழில ஜெயிலுக்குப் போன தலைமுறை அவரு, 1930-ல ராஜாஜி வேதாரண்யத்துக்கு உப்பு எடுக்க நடந்தப்ப அந்தப் போராட்டத்துல சேந்து அலிப்பூர் ஜெயில் வரைக்கும் போயிட்டு வந்தவரு, மொத்தமா பாத்தா எட்டு ஒன்பது வருஷம் ஜெயில்ல இருந்தவரு. வயசு 72. வாடகை வீட்டுலதான் இருந்தாரு. அப்ப முதலமைச்சரா இருந்த கருணாநிதி, எதிர்க்கட்சிக்காரரா இருந்தாலும், அரசு மரியாதையோட கிண்டி காந்தி மண்டபத்துப் பக்கத்துலயே எடம் ஒதுக்கிக் குடுத்தாரு. அடுத்த வருஷம் 1976-ல பாரத ரத்னா வந்துச்சு.

அந்த எடம் ஒதுக்குனது பத்தி ஒண்ணு சொல்லணும். கிண்டில காந்தி மண்டபமும் காமராஜர் நினைவிடமும் ஒரே வளாகம், ராஜாஜிக்கும் பக்தவத்சலத்துக்கும் அங்கயே நினைவிடம் இருக்கு. கன்னியாகுமரிக்குப் போனா காந்தியோட அஸ்திய 1948 பிப்ரவரில வச்ச எடத்துல மண்டபம், 79 வயசுக்கு 79 அடி உயரம், வருஷா வருஷம் அக்டோபர் 2 மத்தியானம் கூரைல இருக்குற ஓட்டை வழியா சூரிய வெளிச்சம் அஸ்தி வச்ச பீடத்து மேல விழுற மாதிரி கட்டியிருக்காங்க. அந்த மண்டபத்துக்குப் பக்கத்துலயே காமராஜர் மணிமண்டபம். மூணு வருஷத்துக்கு முன்ன நானும் எங்க வீட்டம்மாவும் புள்ளைங்களோட அந்த வெளிச்சத்த பாக்கணும்னே அக்டோபர் 2-க்கு போயிருந்தோம். கூட்டம் நெருக்குது, எல்லாரும் செல்போன தூக்கிப் புடிச்சுக்கிட்டு நிக்குறாங்க, வெளிச்சம் ஒரு தட்டு அளவுக்கு மெதுவா நகந்து வந்து பீடத்துல நின்னுச்சு, என் சின்னவ கைய நீட்டி அந்த வெளிச்சத்துக்குள்ள வச்சு எடுத்துப் பாத்தா. வெளிய வந்தா நாலு எட்டுல காமராஜர் மண்டபம், உள்ள எங்களையும் சேத்து ஏழெட்டுப் பேர். உள்ள இருந்த ஒரு பெரியவர்ட்ட இன்னைக்குத்தான் ஐயா நினைவு நாள்னு சொன்னேன், அப்படியா தம்பி, காந்தி ஜெயந்தினுல்ல வந்தோம்னாரு. அவர் மேல எந்தத் தப்பும் இல்ல, அவரு வீட்டு காலண்டர்ல நாங்க போட்டிருக்க மாட்டோம், அவரு படிக்கிற பேப்பர்ல நீங்க போட்டிருக்க மாட்டீங்க. நெலத்துல பக்கத்துல பக்கத்துல எடம் குடுத்துட்டோம், தாள்லயும் பெட்டிலயும் குடுக்கல.

அக்டோபர் 2-ல வேற என்னென்ன ஆரம்பிச்சாங்கனு பாத்தா நெறைய இருக்கு, எல்லாம் காந்தி பேருக்காக நாள் பாத்து ஆரம்பிச்சது. 1952-ல சமுதாய வளர்ச்சித் திட்டம், 1959-ல ராஜஸ்தான் நாகவுர்ல நேரு பஞ்சாயத்து ராஜ் முறைய தொடங்கி வச்சது, 2008-ல பொது எடத்துல பீடி சிகரெட் குடிக்கத் தடை, 2014-ல தூய்மை இந்தியா. ஐ.நா. சபை 2007-ல இந்த நாள அகிம்சை தினமா அறிவிச்சுச்சு. நம்ம கிராமத்துல கிராம சபை கூட்டுற நாள்ல ஒண்ணு இது. இதெல்லாம் ஒரு வரி ஒரு வரியா போட்டா போதும்.

ஆனா ஒண்ணு ஒரு வரில முடிக்கக் கூடாதது. 1994-ல தனி உத்தராகண்ட் மாநிலம் கேட்டவங்க காந்தி ஜெயந்தி அன்னைக்கு டெல்லில கூடணும்னு மலைல இருந்து பஸ் பஸ்ஸா எறங்கி வந்தாங்க, அக்டோபர் 1 ராத்திரி முசாபர்நகர் பக்கத்துல ராம்பூர் திராகாங்கற எடத்துல போலீஸ் மறிச்சு, விடியுறதுக்குள்ள துப்பாக்கிச் சூடு, ஆறு பேர் செத்தாங்க, பொம்பளைங்களுக்கு வாயால சொல்ல முடியாத கொடுமை நடந்துச்சு. 2000 நவம்பர்ல அவங்களுக்கு மாநிலம் கெடைச்சுச்சு. அந்த ஊர் ஜனங்களுக்கு அக்டோபர் 2-னா காந்திக்கு மாலை போட்டுட்டு ராம்பூர் திராகாவுக்கும் மாலை போடுற நாள். ஒரு தேசிய விடுமுறை நாள் எல்லா ஊருக்கும் ஒரே மாதிரி இருக்காதுங்கறது எனக்குப் புரிஞ்சது அத படிச்சப்பத்தான். அவங்க ஊர் பேப்பர்ல அத கடேசி வரியா போட்டா அவங்களுக்கு எப்படி இருக்கும், எங்களுக்கும் அப்படித்தான் இருக்கு.

ஜூலை 15-ல பிறந்த நாள கல்வி வளர்ச்சி நாளா பள்ளிக்கூடம் பூரா கொண்டாடுறோமே, அது பத்தாதானு எங்க ஆபீஸ்லயே கேட்டாங்க. கொண்டாடுறது ரொம்ப நல்லது, புள்ளைங்க பேச்சுப் போட்டில பேசுறாங்க, என் மகளும் பேசி டிபன் பாக்ஸ் பிரைஸ் வாங்கிட்டு வந்தா. ஆனா பிறந்த நாள் ஒரு கொழந்தை பிறந்த நாள், அன்னைக்கு விருதுப்பட்டில குமாரசாமி சிவகாமி தம்பதிக்கு ஒரு பையன் பிறந்தான், அவ்வளவுதான். அந்தப் பையன் என்ன ஆனான்னு சொல்றது 1963-ம் 1975-ம்.

ஒரு உண்மையையும் சொல்லிடுறேன், எங்க பக்கமும் இந்தக் குறை இருக்கு. 2025 காலண்டருக்கு அக்டோபர் 2 தாள்ல 'காமராஜர் நினைவு நாள், 50-ஆம் ஆண்டு'னு போடலாமானு போன வருஷமே எங்க முதலாளிட்ட கேட்டேன். அவரு அந்தத் தாள வாங்கிப் பாத்தாரு, மேல காந்தி ஜெயந்தி சிவப்புல, கீழ விஜயதசமி சிவப்புல, வித்யாரம்பம் செய்ய நல்ல நேரம்னு ஒரு வரி. ஏப்பா, கொழந்தைய மடில வச்சு அரிசில அ எழுத வைக்குற நாள், அதுக்குக் கீழ நினைவு நாள்னு போட்டா கடைக்காரங்க வாங்க யோசிப்பாங்களேப்பானு சொன்னாரு. அவரு அப்பாவும் 1975-ல மிஷின் நிறுத்துன ப்ரஸ்காரருதான், அவருக்கு மனசில்லாம இல்ல, யாவாரம். நானும் அன்னைக்கு ஒண்ணும் பேசாம வந்துட்டேன். வீட்டுக்கு வந்தப்புறம்தான் தோணுச்சு, கொழந்தைக்கு மொத எழுத்து எழுத வைக்குற நாளுக்கு அவர் பேரவிட பொருத்தமான பேர் வேற எதுனு. அத அப்பவே சொல்லியிருக்கணும், அந்த வருத்தம் இன்னும் போகல.

அதனால உங்ககிட்ட கேக்குறது இதுதான் ஐயா. அடுத்த அக்டோபர் 2 பெட்டில காந்தி, சாஸ்திரி, காமராஜர் மூணு பேரையும் ஒண்ணா மேல போடுங்க, 1963 ராஜினாமாவையும் சேருங்க, அரியலூர ஒரு வரி சேருங்க, அங்கன்வாடி தொடங்குனதும் அன்னைக்குத்தான்னு போடுங்க, ஊர் ஊருக்கு இருக்குற பால்வாடி டீச்சருங்க படிச்சா சந்தோசப்படுவாங்க. எடம் பத்தலன்னா கினியாவ அடுத்த வருஷம் போட்டுக்கலாம். தேதி, வருஷம், கிழமை எதுலயாவது சந்தேகம் வந்தா சரி பாத்துத் தர நான் தயாரா இருக்கேன், அது எனக்கு தினப்படி வேலை.

2026-ல அக்டோபர் 2 வெள்ளிக்கிழமை வருது, விஜயதசமி அன்னைக்கு இல்ல. போன வாரம் அந்தத் தாளோட ப்ரூப் என் மேசைக்கு வந்தப்ப திரும்பவும் முதலாளி ரூமுக்குப் போனேன், அப்பா கதைய மொத தடவையா முழுசா சொன்னேன், அவரு கேட்டுட்டு பேனாவ எடுத்து அவரே காந்தி ஜெயந்திக்குக் கீழ கைப்பட எழுதிக் குடுத்தாரு. "பெருந்தலைவர் காமராஜர் நினைவு நாள்". பிளேட் போட்டாச்சு, தாள் ஓடிக்கிட்டு இருக்கு. இந்தக் கடிதாசியோட அந்தத் தாள் ஒண்ண மடிச்சு வச்சிருக்கேன், உங்க ஆபீஸ்ல பெட்டி போடுறவங்க மேசைல ஒட்டி வைக்கச் சொல்லுங்க.

இப்படிக்கு,
காலண்டர் ப்ரூப் ரீடர் ஒருவர்,
சிவகாசி.